ஆற்றுக்கு ஒரு ஸ்கேன் மெஷின்

அப்துல் மஜீத் தோஹாவில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தது ஒரு பெரிய ஹோட்டலின் கொள்வனவுப் பிரிவில். அந்த ஹோட்டலுக்கு எது வாங்குவதென்றாலும், அது பல்லுக்குத்துகிற குச்சியாக இருந்தாலும், மூன்று கம்பனிகளிடம் விலை கேட்க வேண்டும். மூன்றையும் அட்டவணை போட்டு, ஒன்றைத் தெரிவுசெய்து, ஏன் அதைத் தெரிவுசெய்தோம் என்று காரணமும் எழுதி மேலே அனுப்ப வேண்டும். அறுநூறு மெத்தைகளும் நாலாயிரம் துவாய்களும் அவர் கையெழுத்தில் வாங்கப்பட்டவை. அந்த மெத்தை ஒன்றில் அவர் படுத்ததுமில்லை, துவாய் ஒன்றால் முகம் துடைத்ததுமில்லை. அவர் படுத்ததெல்லாம் எட்டுப் பேர் அறையில், மேல் கட்டிலில்.

ஐம்பத்துநாலு வயதில் காத்தான்குடிக்குத் திரும்பி வந்தார். பழக்கமும் கூடவே வந்தது. தக்காளி வாங்கிவர அனுப்பினால் மூன்று கடை ஏறி இறங்கி, மூன்றிலும் அமுக்கிப் பார்த்து, நடுப்பகல் லுஹர் தொழுகைப் பாங்குக்குத்தான் வீடு வந்து சேர்வார். அதற்குள் மனைவி ஸஹீதா புளியைக் கரைத்து விட்டுக் கறியை இறக்கியிருப்பாள்.

அப்படிப்பட்டவர் வாழ்நாளில் யோசிக்காமல் வாங்கிய சாமான் ஒன்றே ஒன்று. பாசிக்குடாப் பக்கம் ஒரு விடுதியை மூடும்போது அங்கே விற்பனைக்குக் கிடந்த கயாக். செம்மஞ்சள் நிறம், இரண்டு பேர் முன்னும் பின்னுமாக இருந்து துடுப்புப் போடுவது. ஒரு கல்யாண வீட்டுக்குப் போய் வரும் வழியில் கண்டார், வாங்கினார், லொறியில் ஏற்றினார். ஹோட்டலின் பின்வாசலில் சாமான் இறக்குவதைக் கண்காணித்துக்கொண்டு நின்ற காலமெல்லாம், விருந்தாளிகள் அப்படியொன்றில் ஏறிக் கடலில் மிதப்பதை அவர் பார்த்திருந்தார். தானும் ஒருநாள் மிதக்க வேண்டும் என்று யாரிடமும் சொன்னதில்லை. வீட்டில், தூண்டில் போடப் போவதாகச் சொன்னார்.

ஸஹீதா மறுத்துப் பேசவில்லை. அந்தப் பகுதியில் வீடு பெண்ணின் பேரில். ஆண் வந்து குடியிருப்பவன். அவளுடைய விறாந்தையில், அவளுடைய நாலு பிளாஸ்டிக் கதிரைகளின் மேல் கயாக் ஏறிக்கொண்டது. வாவியை அந்த ஊரில் ஆறு என்பார்கள். அது வீட்டிலிருந்து நடந்தால் ஐந்து நிமிடம். நாளைக்கே இது ஆற்றுக்குப் போய்விடும் என்று அவள் நினைத்தாள்.

கயாக் ஏழு மாதம் கதிரையை விட்டு இறங்கவில்லை.

தடையாக நின்றது பிஷ் ஃபைண்டர். அது இல்லாமல் கயாக்கில் மீன் பிடிக்கப் போவது கண்ணைக் கட்டிக்கொண்டு கடைக்குப் போவது போல என்று யூரியூப்பில் ஓர் ஆஸ்திரேலியர் சொல்லியிருந்தார். தண்ணீருக்குள் சத்தத்தை அனுப்பி, அது பட்டுத் திரும்பி வருவதை வைத்து, ஆழம் எவ்வளவு, அடியில் சேறா கல்லா, மீன் எங்கே நிற்கிறது என்று திரையில் காட்டும் கருவி அது. சத்தம் அனுப்புகிற உறுப்பைக் கயாக்கின் அடியில் பொருத்த வேண்டும். அதற்கு ஓட்டை போட வேண்டும். எந்தக் கருவி என்று தெரியாமல் எங்கே ஓட்டை போடுவது? ஓட்டை போடாமல் எப்படித் தண்ணீரில் இறக்குவது? மஜீத் இதைப் பொறுமையாக விளக்கினார். ஓட்டை போடாத தோணியைத்தானே தண்ணீரில் இறக்குவார்கள் என்று ஸஹீதா கேட்டாள். அவர் கண்ணாடியைத் துடைத்தார்.

அவள் அந்தக் கருவிக்கு ஸ்கேன் மெஷின் என்று பேர் வைத்தாள். வயிற்றுப் பிள்ளையைப் பார்ப்பது மாதிரி ஆற்றின் வயிற்றைப் பார்க்கப் போகிறார் என்று அக்கம்பக்கத்துப் பெண்களுக்குச் சொன்னாள்.

மஜீத் அட்டவணை போட்டார். திரை ஐந்து அங்குலமா ஏழா, வெயிலில் தெரியுமா, பக்கவாட்டிலும் பார்க்குமா, பற்றரி எத்தனை மணித்தியாலம் நிற்கும், எத்தனை அடி ஆழம் வரை மீனைக் காட்டும் என்று பதினேழு கட்டங்கள். போட்டிக்கு வந்தவை மூன்று. அவற்றுக்கு அ, ஆ, இ என்று பெயரிட்டார். உண்மையான போட்டி அ-வுக்கும் ஆ-வுக்கும்தான். இ சின்னத் திரை, மங்கல் வெளிச்சம். மூன்றாவதாக ஒன்று வேண்டும் என்பதற்காக மட்டும் சேர்க்கப்பட்டது. அ எண்ணூறு அடி ஆழம் பார்க்கும். ஆ ஆயிரத்தைந்நூறு. மஜீத்தின் மனம் ஆ-வின் பக்கம் சாய்ந்தது. எதற்கும் கொஞ்சம் மிச்சமாக இருக்கட்டுமே.

ஆரையம்பதியிலிருந்து கனகசிங்கம் தினமும் காலையில் சைக்கிளில் மீன் கொண்டுவருவான். நாற்பது வயதிருக்கும், மஜீத்தை அண்ணன் முறை வைத்துக் காக்கா என்பான், ஒரு காதில் எப்போதும் கிரிக்கெட் வர்ணனை ஓடிக்கொண்டிருக்கும். ஆயிரத்தைந்நூறு அடி என்ற பேச்சு மற்றக் காதில் விழுந்து, எந்தக் கடலுக்கு என்று கேட்டான். ஆற்றுக்கு என்றார் மஜீத். கனகசிங்கம் தராசைக் கீழே வைத்து யோசித்தான். தான் வலை போடும் இடத்தில் இறங்கி நின்றால் தண்ணீர் நெஞ்சளவு, பாலத்துப் பக்கம் இரண்டாள் ஆழம் வரும், அதற்கு மேல் தனக்குத் தெரிந்து இல்லை என்றான். மஜீத் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். ஆனால் அதை எழுத அட்டவணையில் கட்டம் இருக்கவில்லை.

இதற்கிடையில் அவர் பேர் பெற்றுவிட்டார். மீன்காட்டும் கருவிகளைப் பற்றிப் பேச ஒரு வட்ஸ்அப் குழு இருந்தது. ஏறாவூர், ஓட்டமாவடி, கல்முனை என்று எங்கெங்கோ இருந்து நூற்றுப் பதினாலு பேர். மஜீத்தின் அட்டவணையை ஒருவர் அதில் போட, நாலு பக்கமிருந்தும் சந்தேகங்கள் வரத் தொடங்கின. அவர் விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் பதில் எழுதினார். வாழ்க்கையில் ஒரு மீனையாவது பிடித்ததுண்டா என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. அவரும் யாரிடமும் கேட்கவில்லை.

குழுவில் ஒரே ஒரு ஆள் மட்டும் அவருக்கு முள்ளாகக் குத்தினார். 'கடல் ராஜா' என்று பேர், படத்தில் ஒரு சுறா. மஜீத் எதைச் சொன்னாலும் அந்த ஆள் கம்பியில்லாத உருண்டைக் கருவியின் புகழைப் பாடுவார். தூண்டில் நுனியில் கட்டி எறிந்தால் உருண்டை தண்ணீரில் மிதந்துகொண்டே தொலைபேசிக்குப் படம் அனுப்பும். கம்பி வைத்ததெல்லாம் போன தலைமுறைச் சாமான் என்பார். ஒருநாள் மஜீத் பொறுமை இழந்து, கடல் ராஜா கிணற்றடிக்குக்கூடப் போயிருக்க மாட்டார் என்று எழுதினார். மற்ற நூற்றுப் பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள்.

அந்த நேரத்தில்தான் மகள் றிஸ்னாவுக்கு ஏறாவூரிலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை றுஸ்தி, ஒரு பாடசாலையில் கணித ஆசிரியர். தகப்பன் ஸாஹிர் ஹாஜியாருக்கு இரும்புச் சாமான் கடை. பிள்ளைகள் இரண்டும் ஒருவரை ஒருவர் பார்த்து, பிடித்து, இனிப் பெரியவர்கள் பேச வேண்டியதுதான் மிச்சம். ஹாஜியாரும் மனைவி சபீனாவும் வெள்ளிக்கிழமை பகல் சாப்பாட்டுக்கு வருவதாக ஏற்பாடானது.

ஏழு மாதத்தில் முதல் தடவையாக ஸஹீதா கயாக்கைப் பற்றிக் கண்டிப்பாகப் பேசினாள்.

"இஞ்சாருங்க, வெள்ளிக்கிழமைக்குள்ள இது ஆத்தில கிடக்கணும். இல்லாட்டி பழைய சாமான் எடுக்கிற போத்தல்காரனுக்குப் போகணும். ரெண்டுல எது எண்டு தெரிஞ்சுக்கங்க."

மஜீத் திடுக்கிட்டார். இரண்டே இரண்டை வைத்து அவர் இதுவரை ஒரு முடிவும் எடுத்ததில்லை.

அன்றைக்கே தோஹாவில் இருந்த தங்கை மகன் அஸ்கருக்குத் தொலைபேசியில் கோல் எடுத்தார். அவன் புதன்கிழமை லீவில் வருகிறான். கடைக்குப் போய் ஆ-வைக் கேட்கச் சொன்னார். அஸ்கர் கடைக்குள் நின்றபடி பேசினான். ஆ முடிந்துவிட்டது. அ-வும் முடிந்துவிட்டது, அடுத்த மாதம்தான் வருமாம்.

"ஒண்டுதான் கிடக்கு மாமா. நீங்க மூணாவதாப் போட்டது. கடக்காரன் மூடப் போறான், எடுக்கவா விடவா?"

மஜீத் அட்டவணையைப் பார்த்தார். ஒரு நிமிடம் யோசிக்கலாமா என்று கேட்டார். அஸ்கர் காத்திருந்தான், விளக்கணைக்கும் சத்தம் தொலைபேசியில் கேட்டது. "எடு" என்றார். பிறகு மேசையில் உட்கார்ந்து அட்டவணையின் அடியில் எழுதினார்: தெரிவு: இ. காரணம்: தரம்.

வியாழக்கிழமை அஸ்கரின் உதவியோடு ஓட்டை போட்டுக் கருவியைப் பொருத்தினார்கள். பொருத்துவதற்கு முன்னால் சோதனை பார்க்க வேண்டுமென்று சத்தம் அனுப்பும் உறுப்பைக் கயிற்றில் கட்டி வீட்டுக் கிணற்றில் இறக்கினார். திரையில் ஆழம் விழுந்தது. சற்று நேரத்தில் இரண்டு மீன் படமும் விழுந்தது. மஜீத் சத்தம் போட்டு எல்லோரையும் கூப்பிட்டார். அது நுளம்பு பெருகாமலிருக்கச் சுகாதாரப் பரிசோதகர் கொண்டுவந்து போட்ட கப்பி மீன், எட்டிப் பார்த்தாலே தெரியும் என்று ஸஹீதா சொன்னாள். அவர் காதில் ஏறவில்லை. தன் கருவி மீனைக் கண்டுவிட்டது.

ஆற்றுக்குக் கொண்டுபோக நேரம் போதவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் ஸஹீதா வெள்ளை நிறத்தில் புதுக் கட்டில் விரிப்பொன்றை எடுத்துக் கயாக்கை மூடிவிட்டாள். பார்க்க ஏதோ கண்காட்சிச் சாமான் மாதிரி இருந்தது.

ஜும்ஆத் தொழுகை முடிந்து ஹாஜியாரும் சபீனாவும் வான் வண்டியில் வந்து இறங்கினார்கள். ஹாஜியார் பருத்த ஆள், வெள்ளைச் சட்டை, வெள்ளைச் சாரன், தொப்பி. மஜீத்தும் வெள்ளைதான். ஸலாம் சொல்லி, கை கொடுத்து, சஹன் என்ற பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கனகசிங்கம் கொண்டுவந்த கொடுவா மீன் பொரியலை ஹாஜியார் மூன்று தடவை போட்டுக்கொண்டார். பேச்சு நல்லபடி போனது. பெண்கள் உள்ளே, ஆண்கள் விறாந்தையில் என்று தேத்தண்ணீரோடு பிரிந்து உட்கார்ந்தபோது, ஹாஜியாரின் கண் விரிப்பில் விழுந்தது. என்ன அது என்று கேட்டார். மஜீத்துக்கு அதைவிட இனிமையான கேள்வி வேறு இல்லை. விரிப்பை ஒரு பக்கம் தூக்கிக் காட்டினார்.

ஹாஜியார் கயாக்கைத் தடவிப் பார்த்தார். கருவியைப் பார்த்தார். கம்பியைத் தொட்டுப் பார்த்தார். ஒருவித இரக்கத்தோடு தலையை ஆட்டினார்.

"நல்லதுதான். ஆனா கம்பி வச்சதெல்லாம் போன தலமுறச் சாமான்."

மஜீத் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். இந்த வசனத்தை அவர் எத்தனையோ தடவை வாசித்திருக்கிறார்.

"நீங்களா கடல் ராஜா?"

ஹாஜியார் மெல்லத் திரும்பினார். அவருக்கும் அப்போதுதான் விளங்கியது. "அப்ப கிணத்தடிக் கத எழுதின ஆள் நீங்களா?" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பேச்சுவார்த்தை என்று சொல்ல முடியாது. பற்றரியில் தொடங்கியது. திரைக்குப் போனது. ஆஸ்திரேலியரைச் சாட்சிக்கு இழுத்தார்கள். ஹாஜியாரின் பக்கத்திலும் ஓர் ஆஸ்திரேலியர் இருந்தார். ஹாஜியார் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்துத் திறந்து, கோழிமுட்டை அளவு உருண்டையைக் காட்டினார். கீறல் ஒன்றில்லாமல் பளபளத்தது. சம்பந்தம் பேச வந்த இடத்துக்கு ஒரு மனிதன் இதைப் பையில் போட்டுக்கொண்டு வருவானா என்று மஜீத் மனதில் நினைத்தார். தானும் அதைத்தான் செய்திருப்பார் என்பதும் தெரிந்தது. அதனால் கோபம் கூடியது. கடைசியில் ஹாஜியார் அந்தச் சொல்லைச் சொன்னார்.

"ஏழு மாசம் பாத்துப் பாத்து இதத்தானா எடுத்தீங்க?"

மஜீத்தின் முகம் கறுத்துவிட்டது. உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. கதவுச் சேலைக்குப் பின்னால் றிஸ்னா நிற்பது அவருக்குத் தெரிந்தது. இந்த இடத்தில் தான் ஒரு வார்த்தை கூட்டிச் சொன்னால் வான் ஏறாவூருக்குக் கிளம்பிவிடும், பிறகு வராது என்பதும் தெரிந்தது. ஆனாலும் வாயில் அந்த வார்த்தை வந்து நின்றது.

அது வெளியே வருவதற்குள் சபீனா வந்துவிட்டாள். அவள் மெலிந்த, அமைதியான பெண். வீட்டில் எத்தனையோ கடல் ராஜாக்களைக் கண்டவள் மாதிரிப் பேசினாள். ஆறு பக்கத்தில்தானே இருக்கிறது, இரண்டு மெஷினையும் கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்தால் எது நல்லதென்று தெரிந்துவிடும், இருந்து கதைத்து என்ன பிரயோசனம் என்றாள். அவளுக்குப் பின்னால் நின்ற ஸஹீதா ஓம் ஓம் என்று தலையாட்டினாள். சமையலறையில் இருவரும் ஏற்கெனவே ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள் என்பது ஆண்களுக்கு விளங்கவில்லை.

தூண்டில்களை உள்ளே வைத்து, வெயில் கருவியில் படக்கூடாதென்று விரிப்பை மேலே போட்டபடியே கயாக்கைத் தூக்கினார்கள். மஜீத் முன்னால், ஹாஜியார் பின்னால், தோளில். வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக இரண்டு பேர், வெள்ளைத் துணி போர்த்த நீளமான ஒன்றைச் சுமந்துகொண்டு வெள்ளிக்கிழமை பின்னேரம் தெருவில் போனால் ஊர் என்ன நினைக்கும்? பலசரக்குக் கடைக்காரர் எழுந்து நின்றார். மோட்டார் சைக்கிள் ஒன்று ஓரமாக நின்றது. ஒரு மனிதர் ஓடிவந்து, நன்மையை நாடி, நடுவில் தோள் கொடுத்தார். கொஞ்ச தூரம் நடந்தபிறகு தாழ்ந்த குரலில், மௌத்தாகிப் போனது யார் என்று கேட்டார்.

"ஒருத்தருமில்ல. இது கயாக்," என்றார் மஜீத்.

அந்த மனிதர் தோளை எடுத்துவிட்டு அங்கேயே நின்றார். பின்னாலிருந்து ஹாஜியாரின் தொண்டையில் ஏதோ சத்தம் வந்தது. இருமலா சிரிப்பா என்று மஜீத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆற்றில் இறக்கி ஏறினார்கள். மஜீத் கருவியைப் போட்டதும் அது அலறத் தொடங்கியது. பத்து அடிக்குக் குறைந்தால் எச்சரிக்கும்படி தொழிற்சாலையில் வைத்து அனுப்பியிருந்தார்கள். பாலத்துப் பக்கத்தை விட்டால் அந்த ஆற்றில் பத்து அடி எங்கே இருக்கிறது? நிறுத்துவதற்கு எந்தப் பொத்தான் என்று தேடினால், திரையில் எழுத்தெல்லாம் சீன மொழிக்கு மாறிவிட்டது. அது கீக் கீக் என்று அலற அலறத் துடுப்புப் போட்டார்கள். கரையோரக் கொக்குகள் பறந்து போயின.

ஹாஜியார் உருண்டையை எறிவதற்குக் கொஞ்சம் தயங்கினார். பிறகு பிஸ்மி சொல்லி எறிந்தார். அவருடைய தொலைபேசியில் ஆழம் நாலடி என்று விழுந்தது. மஜீத்தின் திரையில் நாலு புள்ளி இரண்டு. அந்தப் புள்ளி இரண்டுக்காகக் கொஞ்ச நேரம் வாதாடினார்கள். அதற்குள் இரண்டு திரையிலும் மீன் வரத் தொடங்கியது. ஒன்றல்ல, பத்தல்ல. திரை நிறைய மீன். ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்றது.

இரண்டு கருவிகள் பக்கத்தில் பக்கத்தில் நின்று கத்தினால் ஒன்றின் சத்தம் மற்றதில் மீனாக விழும். இருவரும் பார்த்த வீடியோக்களில் அது சொல்லப்பட்டுத்தான் இருந்தது. வீடியோவில் அந்தப் பகுதி நீளமாக இருந்ததால் இருவரும் தள்ளிவிட்டுப் பார்த்திருந்தார்கள். இப்போது தூண்டிலைப் போட்டுவிட்டுக் கண்ணிமைக்காமல் காத்திருந்தார்கள். அரை மணித்தியாலம் போனது. தூண்டில் அசையவில்லை. திரையில் மீன் குறையவுமில்லை. காற்று அவர்களை மெல்ல மெல்லக் கரைச் சேற்றில் வளரும் கண்ணாமரப் பற்றைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனதை ஒருவரும் கவனிக்கவில்லை. கயாக்கின் அடி சேற்றில் போய் ஏறி உட்கார்ந்ததும்தான் நிமிர்ந்து பார்த்தார்கள். துடுப்பை ஊன்றினால் துடுப்பு இறங்கியது, கயாக் அசையவில்லை.

"எறங்கித் தள்ளணும்," என்றார் ஹாஜியார்.

இரண்டு குடும்பத் தலைவர்களும் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். முழங்கால் வரை சேறு. மஜீத்தின் செருப்பு ஒன்று முதல் அடியிலேயே போனது. இரண்டாவது அடியில் அவர் சமநிலை தவறிப் பக்கவாட்டில் விழுந்தார். ஹாஜியார் கையை நீட்டினார். அந்தக் கையைப் பிடித்து எழும்ப, ஹாஜியார் விழுந்தார். இருவரும் இடுப்பு வரை கறுத்த சேற்றில் உட்கார்ந்து, கயாக்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்கள். மேலே கருவி விடாமல் கத்திக்கொண்டிருந்தது.

அந்த நிலையில் ஒரு மனிதன் எதை மறைப்பது? மஜீத் சொன்னார்:

"ஹாஜியார், நான் இதத் தெரிவு செய்யல்ல. கடயில இது ஒண்டுதான் மிச்சமாக் கிடந்த."

மஜீத் தொடர்ந்து பேசினார். ஹோட்டலுக்கு வாங்கும்போது கை நடுங்கியதில்லை, அது யாருடைய மெத்தையோ. தனக்கென்று ஒன்றை வாங்க உட்கார்ந்தபோதுதான், பிழையாகிப்போனால் என்ன செய்வதென்று பயமாக இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தால் பிழை வராது. அதனால் பார்த்துக்கொண்டே இருந்தேன் என்றார். இதை அவர் ஸஹீதாவிடம்கூடச் சொன்னதில்லை. தனக்கே அன்றுதான் சொன்னார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஹாஜியார் சேற்றுக் கையால் தாடியைத் தடவினார்.

"என்டது மூத்த மகள்ட மாப்பிள்ள அனுப்பின. மெல்பேனில இருந்து," என்றார். "ஒண்டரை வருசம் பெட்டிக்குள்ள கிடந்த. தண்ணியில போட்டா கீறிடுமெண்டு பயம். இண்டைக்குத்தான் நனைஞ்ச, மச்சான்."

மச்சான் என்ற சொல் எப்போது வந்தது என்று இருவரும் கவனிக்கவில்லை. முதலில் மஜீத்துக்குச் சிரிப்பு வந்தது. பிறகு ஹாஜியாருக்கு. பருத்த உடம்பு குலுங்கியதில் கயாக் கொஞ்சம் நகரக்கூடச் செய்தது.

அப்போது பற்றைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு தோணி வந்தது. கனகசிங்கம். வலையை வளைத்துப் போட்டுவிட்டு, மணலை எனும் மீன்களை வலைக்குள் கலைத்து விரட்டுவதற்காகத் துடுப்பால் தண்ணீரை அடித்துக்கொண்டு வந்தான். அடிக்க அடிக்க மணலை வெள்ளி வெள்ளியாகத் துள்ளி எழுந்தது. அதில் ஒன்று உயரமாகத் துள்ளி, வளைந்து, ஆளில்லாத கயாக்கின் நடுவில் தொப்பென்று விழுந்தது. மீன்காட்டும் கருவியின் பக்கத்திலேயே கிடந்து துடித்தது. கருவி அதைக் காட்டவில்லை.

கனகசிங்கம் தோணியை நிறுத்தினான். சேற்றில் இருக்கும் இரண்டு பேரையும் பார்த்தான். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. அந்த நாகரிகம் அவனிடம் இருந்தது. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று மட்டும் எட்டிப் பார்த்து, திரையைக் கண்டதும் முகம் மலர்ந்தான்.

"காக்கா, இதில கிரிக்கெட் மெச் பாக்கலாமா?"

ஏலாது என்றார் மஜீத். கனகசிங்கத்துக்கு அந்தக் கருவியில் இருந்த அக்கறை அத்தோடு தீர்ந்தது. கயிற்றை எறிந்து கயாக்கை இழுத்து ஆழத்துக்குக் கொண்டுவந்து விட்டான். விழுந்த மீனைத் திருப்பிக் கொடுக்க ஹாஜியார் கையில் எடுத்தபோது, வேண்டாம், உங்கள் தோணிக்குள் விழுந்தது உங்களுக்குத்தான் என்று சொல்லிவிட்டு வலைப் பக்கம் திரும்பினான். போகிற போக்கில், அந்தப் பற்றரி வயரைக் கழற்றினால் சத்தம் நிற்கும் என்றான். மஜீத் கழற்றினார். நின்றது.

ஆறு அவ்வளவு அமைதியாக இருக்கும் என்று இருவருக்கும் அப்போதுதான் தெரிந்தது. உடனே கரைக்குத் திரும்பவில்லை. துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, சேறு காயக் காய, கொஞ்ச நேரம் சும்மா மிதந்தார்கள். கல்லடிப் பக்கம் வெளிச்சம் சாய்ந்து கிடந்தது. ஹாஜியார் றுஸ்தியைப் பற்றிச் சொன்னார்: நல்ல பிள்ளை, கோபம் வந்தால் பேசாமல் இருப்பான், சாப்பிட்டானா என்று பார்க்க வேண்டும். மஜீத் றிஸ்னாவைப் பற்றிச் சொன்னார். தொழுகை நேரம் நெருங்கவே கரைக்கு வலித்தார்கள்.

வீட்டுக்கு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து இரண்டாம் ஞாயிறு நிக்காஹ். பிள்ளைகள் குடியிருக்கப்போகும் மேல்மாடிக்கு என்ன நிறம் பூசுவது, எத்தனை பேருக்குச் சாப்பாடு, மாப்பிள்ளைக்கு எந்த அறை என்பதுகூடப் பேசி முடித்துவிட்டார்கள். ஸஹீதாவும் சபீனாவும் வாசலில் வந்து நின்று, தலையிலிருந்து கால் வரை கறுத்துப்போய் நின்ற இரண்டு பேரையும் பார்த்தார்கள். எந்த மெஷின் நல்லதென்று யாரும் கேட்கவில்லை. ஸஹீதா மணலையை வாங்கிச் செவுளைத் தூக்கிப் பார்த்து, உயிர் மீன்தான் என்றாள்.

ஹாஜியார் மஜீத்தின் சாரன் ஒன்றை உடுத்திக்கொண்டு வானில் ஏறினார். சாரன் கணுக்காலுக்கு மேல் நின்றது. வான் ஏறாவூரைச் சென்று சேர முன்னமே குழுவில் படம் வந்துவிட்டது: கயாக்குக்குள் மணலை. கீழே கடல் ராஜா எழுதியிருந்தார்: 'கம்பி உள்ளதும் நல்லதுதான்.' எந்த மொடல், எந்த அளவில் வைத்துப் பிடித்தீர்கள் என்று நூற்றுக்குமேற்பட்டவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மஜீத் அதைப் பார்க்கவில்லை. கிணற்றடியில் நின்று வாளி வாளியாக அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தார். றிஸ்னா துவாயோடு வந்தாள். கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"வாப்பா, அவங்கட வாப்பா எப்பிடி?"

மஜீத் முகத்தைத் துடைத்தார்.

"நல்ல மனிசன்," என்றார். "வாய்தான் கொஞ்சம் கூடுதல். சேத்தில விழுந்தா கை குடுப்பாரு. நீ பயப்படாத மகள்."

அவள் தலையைக் குனிந்து சிரித்தாள். சேற்றுச் சட்டையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அவருக்குப் பசித்தது. பகல் விருந்துக்குச் செய்த வட்டிலப்ப இனிப்பு மிச்சம் இருக்கிறதா என்று குரல் கொடுத்தார். அதை ஏறாவூருக்குக் கட்டிக் கொடுத்தாயிற்று என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது.